மழைக்குப் பூக்கும் புறம்போக்கு

நெல்லைச் சீமையின் புல்வெளிகளுக்கு மரக்கன்றும் வேண்டாம், பாக்கெட் விதையும் வேண்டாம். புரட்டாசி முதல் தை வரை கைவைக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது!

புரட்டாசிக் கடைசியில் இரண்டு மழை ஒழுங்காக விழுந்துவிட்டால் போதும். பேட்டையைத் தாண்டிச் சுத்தமல்லி போகும் வழியில், தென்காசி ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில், தொழிற்பேட்டைச் சுற்றுச்சுவரை ஒட்டி, விலைபோகாத மனைக் கற்களுக்கு நடுவில் என்று காலி இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பச்சை கிளம்பிவிடும். ஐப்பசியில் நெருஞ்சி தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். கொழிஞ்சி ஊதா, தும்பை வெள்ளை, விஷ்ணுகிராந்தி நீலம். கிலுகிலுப்பையும் ஆவாரையும் மறுபடியும் மஞ்சள். பொங்கலுக்கு வாசலில் செருக ஆளாளுக்குத் தேடும் சிறுபூளை, அதற்கு முன்பே வெள்ளை வெள்ளையாக நுரைத்து நிற்கும். விதைத்தவர் யாருமில்லை. தண்ணீர் பாய்ச்சியவரும் இல்லை.

அந்தப் பூ விதையாக முற்றுவதற்குள் ஜேசிபி வந்துவிடுகிறது. முட்புதர் அகற்றுகிறோம், இடத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று மேல்மண்ணோடு வழித்துப் போட்டுவிடுகிறார்கள். ஜேசிபி வராத இடத்துக்குக் களைக்கொல்லி வருகிறது. இரண்டும் வராத இடத்தில் விழா மேடை போட்டு மரக்கன்று நடுகிறார்கள். மூன்றையும் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அந்த இடத்தில் எதுவும் இல்லை என்று நினைத்துச் செய்கிறார்கள். சிக்கலே அதுதான்.

தொலைத்துவிட்டுத் தேடும் தேசம்

இப்படிப்பட்ட காட்டுப்பூ வெளிகளைத் திரும்பக் கொண்டுவர இங்கிலாந்து இன்று படாத பாடு படுகிறது. 1930களில் இருந்த பூவெளிகளில் 97 சதவிகிதம், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அங்கே காணாமல் போயின. ரசாயன உரம் போட்டு ஒரே வகைப் புல்லை வளர்த்தார்கள். மற்றதை உழுது பயிர் வைத்தார்கள். 2013-ல், அரசி எலிசபெத் முடிசூடிய 60-ம் ஆண்டை ஒட்டி, அன்று இளவரசராக இருந்த சார்லஸின் முன்முயற்சியில் ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்றாக, எஞ்சியிருக்கும் பழைய பூவெளியைக் கண்டுபிடிப்பது. அங்கே அறுத்த பச்சைப் புல்லை விதையோடு கொண்டுபோய்ப் பக்கத்து நிலத்தில் பரப்பிப் புதிய பூவெளியை உண்டாக்குவது.

அந்தத் திட்டத்தில் நமக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. கடையில் வாங்கும் விதையைவிட, பக்கத்து நிலத்தின் விதையே அந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நெல்லையின் செவக்காட்டிலும் கரிசலிலும் அந்த விதை இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் கண் விழிக்கும் செடிகள் இவை. புதிதாக உண்டாக்க வேண்டிய வேலை நமக்குக் கொஞ்சம்தான். இருப்பதைப் பராமரிப்பதே நம் வேலை.

வல்லநாட்டு வெளிமான்

பராமரித்தால் என்ன கிடைக்கும், விட்டுவிட்டால் என்ன போகும் என்பதை நேரில் பார்க்க, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் போனால் போதும். வல்லநாட்டுக் குன்றும் அதைச் சுற்றிய முள்காடும் புல்தரையும் 1987-ல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தென்கோடி இதுதான்.

முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்கும் ஆண் வெளிமானைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெயருக்கு ஏற்ப இது வெளியில் வாழும் மான். புள்ளிமானைப் போல மரநிழலில் ஒளிந்து தப்பிக்கத் தெரியாது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்க்க வேண்டும்; பார்த்ததும் ஓட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடிய விலங்கு. ஆனால் அந்த ஓட்டத்துக்குத் திறந்த நிலம் வேண்டும். புதர் மூடிய காட்டில் அதன் கண்ணும் காலும் பயன்படாது. அங்கே அது பட்டினியிலும் சாகும், நாயிடம் மாட்டியும் சாகும். இல்லையென்றால் மேய்ச்சலைத் தேடி மானாவாரி நிலங்களில் இறங்கும். விவசாயிக்கு நஷ்டம், மானுக்கு ஆபத்து.

சங்க இலக்கியத்தின் முல்லைத் திணையைப் படித்தவர்களுக்கு இந்த நிலம் புதிதல்ல. அங்கே காடு என்று பாடப்படுவது ஓங்கிய மரக்காடு அல்ல. ஆயர்கள் ஆடு மாடு மேய்க்கும் நிலம், மழைக்குப் பூக்கும் நிலம், இரலை மான் துள்ளும் நிலம். தொல்காப்பியம் அதற்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் உரியதாக்கியது. அந்த நிலம் இன்றைக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று கிடக்கிறது.

திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், 2013-ல் புள்ளிமானுக்கு ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். 288 ஹெக்டேர்தான். அளவில் சிறியது என்றாலும், தொழிற்சாலையை ஒட்டிய துண்டு நிலமும் வனவிலங்குக்கு வீடாகும் என்பதற்கு அது சான்று.

சீமையிலிருந்து வந்த முள்

இந்த வெளிகளை மூடிய முதல் குற்றவாளி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1870களில் மதராஸ் மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், விறகுக்கும் கரிக்கும் உதவியது உண்மை. எத்தனையோ குடும்பங்களுக்குக் கரிமூட்டம் சோறு போட்டதும் உண்மை. ஆனால், குடைபோல் விரிந்து நின்ற நம் உடங்காட்டுக்கு நடுவே புகுந்து, அடியில் புல் முளைக்கவிடாமல் மூடிக்கொண்டது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுகளால் தென்மாவட்டங்கள் முழுக்க வெட்டும் வேகம் கூடியது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்பதற்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது.

வெட்டியும் ஏன் போகவில்லை? அடிமரத்தை விட்டு வெட்டினால் அது நாலு கிளையாகத் துளிர்க்கும். ஜேசிபி வைத்துத் தோண்டினால் மண் கிளறி, உள்ளே கிடக்கும் விதையெல்லாம் அடுத்த மழைக்கு முளைக்கும். காயைத் தின்னும் ஆடும் மாடும் வெளிமானும் சாணத்தோடு விதையைப் பரப்பும். ஆகவே அகற்றுவது ஒருநாள் வேலை அல்ல. முதலில் வேரோடு எடுக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் பிடுங்குவது எளிது. ஊரக வேலைத் திட்ட ஆட்களை இதற்குப் பயன்படுத்தும் ஊராட்சிக்கு, அடுத்தடுத்த ஆண்டுகளில் வேலை குறைந்துகொண்டே போகும்.

மரம் நட்டால் எல்லாம் பசுமையா?

இரண்டாவது எதிரி, நாம் கும்பிடுகிற எதிரி. மரம் நடுதல்!

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. சாலையோரம், பள்ளி வளாகம், சிதைந்த காடு, விளைநில ஓரம் ஆகிய இடங்களில் நடுவதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இலக்கை எட்ட இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது புல்தரைதான். அங்கேதான் மரம் இல்லை, ஆளும் இல்லை. குழி வெட்டி நட்ட கன்று, செவக்காட்டு வெயிலில் பெரும்பாலும் கருகும். பிழைத்தாலும் நஷ்டமே. நிழல் விழுந்த இடத்தில் வெயில் விரும்பும் புல்லும் பூவும் போய்விடும். சூரிய மின்தகடுகளுக்கும் ‘தரிசு’ என்றே நிலம் தேடுகிறார்கள். தேசிய அளவிலான தரிசுநில வரைபடங்களில் புல்லும் புதருமான நிலங்கள் பெருமளவு அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

அந்தத் ‘தரிசு’க்கு எங்கிருந்து விருந்தாளி வருகிறார் தெரியுமா? கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்து! பூனைப்பருந்து எனப்படும் மெல்லிய சிறகுப் பருந்துகள் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, புல்லுக்கு மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும். இரவில் மரத்தில் அமராது. உயர்ந்த புல்லுக்கு நடுவே தரையில் கூட்டமாகத் தூங்கும். குஜராத்தின் வேலாவதர் வெளிமான் பூங்கா அவற்றின் பெரிய தங்குமிடமாகப் பேர்பெற்றது. தெற்கே நம் பக்கத்துப் புல்வெளிகளுக்கும் அவை வருகின்றன. நாடு முழுவதும் அவை தங்கும் இடங்களின் கணக்கை ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனத்தினர் தொகுத்துப் பார்த்தபோது, 30 ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்திருப்பது தெரிந்தது. புல் போனால் வெட்டுக்கிளி போகும்; வெட்டுக்கிளி போனால் பருந்து வராது. கௌதாரி, காடை, வானம்பாடி, ஆள்காட்டி என்று தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் இதே கதிதான்.

ஒரு செடிக்கு ஒரு பூச்சி

பூ என்றால் தேன் மட்டுமே என்று நினைக்கிறோம். வண்ணத்துப்பூச்சிக்குப் பூவைவிட இலை முக்கியம். எருக்கிலையில் வெந்தய வரியன் முட்டையிடும். எருக்கின் நஞ்சு புழுவின் உடம்பில் ஏறுவதால், பிறகு சிறகு முளைத்துப் பறக்கும்போதும் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். ஆவாரையிலும் கொன்றை இனங்களிலும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளரும். பருவமழைகளை ஒட்டி மேற்கு மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே கூட்டம் கூட்டமாக வலசை போகும் நீல வரியன்கள், கிலுகிலுப்பைச் செடியில் மொய்ப்பதைப் பார்க்கலாம். மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். செடியின் சாற்றிலுள்ள வேதிப்பொருளை உறிஞ்சி, அதிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன.

ஒரு பூங்காவில் காஸ்மாஸும் செவ்வந்தியும் வைத்தால் பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போகும், குடும்பம் நடத்தாது. அதற்கு எருக்கும் ஆவாரையும் வேண்டும். அழகுப்பூ கலவை விதைகளைப் புறம்போக்கில் தூவுவது வீண் செலவு மட்டுமல்ல, இன்னொரு அந்நியச் செடிக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதும்கூட.

ஆடு எதிரியா?

இயற்கை ஆர்வலர்கள் பலர் முதலில் செய்வது வேலி போடுவது. மகாராஷ்டிராவின் காஸ் பீடபூமி அதற்கு ஒரு பாடம். சாத்தாரா அருகே, மழைக்காலத்தில் பாறைத்தளம் முழுக்கப் பூக்கும் அந்த இடம், 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாக் கூட்டத்தைத் தடுக்கக் கம்பிவேலி போட்டார்கள். கூட்டத்தோடு மாடுகளும் உள்ளே போக முடியவில்லை. மேய்ச்சல் நின்றதும் முரட்டுச் செடிகள் ஓங்கி, சின்னப் பூக்கள் குறைகின்றன என்ற குரல் எழுந்தது. கடைசியில் வேலியை எடுக்க வேண்டி வந்தது.

இதைக் கொங்கு நாட்டு விவசாயியிடம் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, மழை குறைந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்படும் தனியார் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல் தரை, இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. ஒரு காட்டை மேயவிட்டு, இன்னொன்றை ஆறப்போட்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். புல் விதை விழும்வரை மாட்டை உள்ளே விடாத கட்டுப்பாடுதான் அதன் உயிர்.

நம் சீமையில் அந்த அறிவு, மந்தையோடு ஊர் ஊராக நகரும் கிடைக்காரர்களிடம் இருக்கிறது. கி.ராஜநாராயணன் ‘கிடை’ என்று ஒரு குறுநாவலே எழுதிய கரிசல் வாழ்க்கை அது. கீழக்கரிசல் ஆடும் வேம்பூர் ஆடும் இந்த வறண்ட புல்லுக்கென்றே உருவான இனங்கள். மந்தை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓரிடம் மொட்டையாவதில்லை. புழுக்கையோடு விதையும் ஊர் ஊராகப் போகிறது. வருஷம் முழுக்க ஒரே இடத்தில் மேய்ப்பது புல்லைக் கொல்லும். மேய்ச்சலே இல்லாமல் மூடிவைப்பதும் கொல்லும். காலம் பார்த்து மேய்ப்பதுதான் கலை.

வரப்பில் பூ, வயலில் நெல்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போடும் விவசாயி, ‘புறம்போக்குப் பூவால் எனக்கென்ன?’ என்று கேட்கலாம். பதில் அவர் வரப்பிலேயே இருக்கிறது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் நாடுகளில் நெல்வயலைச் சுற்றி எள் போன்ற தேன் தரும் செடிகளை வளர்த்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவுகள் 2016-ல் வெளியாயின. பூச்சிமருந்து அடிப்பது 70 சதவிகிதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவிகிதம் கூடியது. தத்துப்பூச்சி முட்டைகளை அழிக்கும் நுண்குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. வரப்பில் உளுந்தும் தட்டப்பயறும் ஊன்றிய நம் பழைய வழக்கமும் இதே பலனைத் தரக்கூடியதுதான்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் இன்னொரு தேவை உண்டு. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வண்டுத்தேனீக்கள். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது. இப்படி அதிரவைக்கும் தனித்தேனீக்கள் பலவும் உழாத மண்ணில் பொந்து போட்டுத்தான் குடியிருக்கும். தோட்டத்து ஓரத்துத் தரிசைக் கொத்திப் போட்டால் கத்தரியில் காய்ப்பு குறையக்கூடும் என்பது அதனால்தான்.

உங்கள் ஊரில் ஒரு பூக்காடு: மாதவாரிக் குறிப்பு

ஆவணி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேய்க்கால், குளத்துக்கரை, கல்லூரி மைதான ஓரம், ஊர்ப் பொது இடம் எதுவும் ஆகும். பிளாஸ்டிக்கை அள்ளுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். மற்ற மண்ணைக் கிளற வேண்டாம்.

புரட்டாசி, ஐப்பசி: உழ வேண்டாம், உரமும் வண்டலும் போட வேண்டாம். சத்து கூடிய மண்ணில் முரட்டுக் களையே முந்தும். முதல் மழையில் எது முளைக்கிறது என்று பாருங்கள். இடம் வெறுமையாக இருந்தால் மட்டும் சுற்றுவட்டாரத்தில் சேகரித்த விதையைத் தூவுங்கள். கொழிஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுத் தூவ வேண்டும். கொழுக்கட்டைப்புல் விதை புதிதாக முளைக்காது. சில மாதம் பழையதாக இருக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

கார்த்திகை, மார்கழி: ஒன்றும் செய்யாதீர்கள். மாணவர்களை அழைத்துப் போய்ப் பூவையும் பூச்சியையும் பட்டியல் எடுக்கவையுங்கள்.

தை: விதை முற்றும் மாதம். அடுத்த ஊருக்குக் கொடுக்கக் கொஞ்சம் சேகரியுங்கள்.

மாசி, பங்குனி: அறுக்கலாம். மூன்றில் ஒரு பங்கை அப்படியே விடுங்கள். புழுவும் கூட்டுப்புழுவும் அங்கேதான் இருக்கும். அடுத்த ஆண்டு வேறு பங்கை விடலாம். அறுத்த புல்லை அங்கேயே போடாமல் மாட்டுக்குக் கொண்டுபோங்கள். தீ மட்டும் வைக்காதீர்கள்.

சித்திரை முதல் ஆடி வரை: ஆடு மாடு அளவாக மேயட்டும். தரையில் முட்டை இருக்கும் இடத்தை மேய்ப்பவருக்குக் காட்டிவையுங்கள்.

பாம்பு வருமே!

எந்த ஊரில் பேசினாலும் முதலில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்வி. வீட்டையும் பள்ளியையும் ஒட்டிய பத்தடியை எப்போதும் குட்டையாக வெட்டி வையுங்கள். நடைபாதையை அகலமாக விடுங்கள். பாம்பைக் குடியிருப்புக்கு இழுப்பது எலி. எலியை இழுப்பது குப்பை. குப்பையை அப்படியே விட்டுவிட்டுப் புல்லை மட்டும் வழித்தால் பயம் தீராது. கொசுவும் அப்படித்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டையிடுவது தேங்காய்ச் சிரட்டையிலும் டயரிலும் தேங்கிய தண்ணீரில். தும்பைச் செடியில் அல்ல.

அக்டோபர் 2-ல் ஒரு தீர்மானம்

ஐ.நா. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சட்டமும் கொள்கையும் தயாராகத்தான் இருக்கின்றன. குறை, ஊரிலிருந்து கேட்கும் குரலில்தான்.

காந்தி ஜெயந்தியன்று கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சில நாளே மிச்சமிருக்கும் நேரம் அது. உங்கள் ஊர் மேய்க்கால் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அந்த இடத்தில் தை முடியும் வரை ஜேசிபியும் களைக்கொல்லியும் இறங்கக் கூடாது, அங்கே மரக்கன்று நடக் கூடாது, சீமைக்கருவேலக் கன்று பிடுங்குவதை ஆண்டுதோறும் வேலைப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மூன்று வரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பேட்டையைப் போல மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் இதையே பகுதி சபையில் கேட்கலாம். பெரிய செலவில்லாத தீர்மானம் இது. ஒரே ஒரு மழைக்காலம் செய்து பாருங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஊரே அதைக் கேட்கும்.